புது பிரேக் பேட் போட்ட பிறகும் கீச்சிடுவது ஏன்? பேடைச் சத்தமில்லாமல் மாட்டுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: காரின் முன்சக்கரங்களுக்குப் புது பிரேக் பேட் போட்டுச் சில நாள்தான் ஆகிறது. மெதுவாகப் போகும்போது பிரேக்கை லேசாகத் தொட்டாலே கிறீச்சென்று கத்துகிறது. கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டினால் கொஞ்ச நாள் அமைதி, பிறகு மறுபடியும் அதே சத்தம். பேட் மட்டமானதா, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டை மாற்ற வேண்டுமா, நாமே மாட்டினால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பேடைக் குறை சொல்வதற்கு முன், பேட் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். இதுதான் என் பதிலின் சாரம். கீச்சல் பிறப்பது டிஸ்க்கை உரசும் பேடின் முகத்தில். ஆனால் அதை வளரவிடுவதும் அடக்குவதும் பேடின் எஃகு முதுகும் அதன் இரு முனைகளில் நீட்டியிருக்கும் காதுகளும்தான். உப்புத்தாள் தொடுவது முகத்தை மட்டும். அதனால்தான் உங்களுக்கு அமைதி சில நாளுக்கு மேல் நீடிக்கவில்லை. பேடை மாற்றும்போது பலரும் பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகிவிடுகிறார்கள். துருவும் பழைய கிரீஸும் அழுக்கும் அப்படியே இருக்கின்றன. பேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அங்கே அது ஒழுங்காக உட்காராது.

சத்தம் எப்படி வருகிறது என்பது புரிந்துவிட்டால் செய்யவேண்டிய வேலை தானாக விளங்கும். பிரேக் பிடிக்கும்போது பேட் டிஸ்க்கின் மேல் ஒரே சீராக வழுக்குவதில்லை. பற்றுகிறது, நழுவுகிறது, மறுபடி பற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஆட்டம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. பேட், அதை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர், இரண்டையும் தாங்கும் பிராக்கெட், டிஸ்க் எல்லாவற்றுக்கும் இயல்பாக அதிரும் வேகங்கள் உண்டு. இவற்றில் இரண்டின் வேகம் நெருங்கிவந்தால் ஒன்று மற்றதைத் தூண்டி, அதிர்வு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். டிஸ்க் அகலமான வார்ப்பிரும்புத் தட்டு என்பதால் அந்த அதிர்வைத் தாராளமாகக் காற்றில் பரப்பிவிடுகிறது. கீச்சல் என்று நாம் சொல்லும் சத்தம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸிலிருந்து 15,000 ஹெர்ட்ஸ் வரையிலான பரப்பில் விழுகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. அந்த இடத்தில் அதிர்வு சிறியதாக இருந்தாலும் நமக்குத் தாங்காது.

கரும்பலகையில் சாக்பீஸ் கீச்சிடுவதை எல்லோரும் கேட்டிருப்போம். அதே பலகை, அதே சாக்பீஸ். நுனிக்குப் பக்கத்தில் பிடித்தாலோ, கொஞ்சம் சாய்த்து எழுதினாலோ சத்தம் நின்றுவிடும். உராய்வு அப்படியேதான் இருக்கிறது. பிடித்திருக்கும் விதம் மட்டும் மாறிவிட்டது. பிரேக்கிலும் நாம் செய்யப்போவது இதுதான். உராய்வைக் குறைக்கக் கூடாது, குறைத்தால் கார் நிற்காது. பேடைப் பிடித்திருக்கும் விதத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இந்தத் தொல்லை டிஸ்க் பிரேக்கோடு சேர்ந்தே பிறந்தது. ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-இல் காருக்கான டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது டிஸ்க்கைப் பிடிப்பதற்குச் செம்பைத்தான் பயன்படுத்தினார். உலோகத்தோடு உலோகம் உரசி எழுந்த அலறல் அந்த பிரேக்குக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் பொறியாளர்கள் இன்னும் அதன் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

சக்கரத்தைக் கழற்றும் முன் சத்தத்தை நன்றாகக் கவனியுங்கள். இரவில் மழையிலோ பனியிலோ நின்ற கார் காலையில் முதல் சில பிரேக்குக்கு மட்டும் சத்தம் போட்டு அடங்கினால், அது டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு. பேடே அதைச் சுரண்டி எடுத்துவிடும், எதையும் தொடவேண்டாம். பிரேக்கில் கால் வைக்காமலே சன்னமாகக் கீச்சிட்டு, மிதித்ததும் நின்றுபோகிறது என்றால் தேய்மானத்தைச் சொல்லும் தகடாக இருக்கலாம். பேடின் ஓரத்தில் வளைந்து நிற்கும் சிறு எஃகு நாக்கு அது. பேட் 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும் டிஸ்க்கைத் தொட்டுச் சத்தம் எழுப்புவதற்காகவே வைக்கப்பட்டது. புது பேடில் இந்தச் சத்தம் வந்தால் நாக்கு வளைந்திருக்கிறது, அல்லது பேட் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கிறது. பிரேக் பிடிக்காதபோது சக்கரத்தின் சுழற்சிக்கு ஏற்ப விட்டுவிட்டு உரசினால், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகரக் கவசம் வளைந்து தொடுகிறதா, நடுவில் சிறு கல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கரகரவென்று அரைக்கும் சத்தம் வேறு வகை. பேட் முழுவதும் தேய்ந்து அடித்தகடு டிஸ்க்கைத் தின்கிறது என்று பொருள். அந்தக் காரை அதற்கு மேல் ஓட்டவே கூடாது. மெதுவாக வரும்போது லேசான மிதிக்கு மட்டும் கூர்மையாகக் கத்துவதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் கீச்சல். உங்களுடையது அந்த வகை.

இனி வேலை. சமதரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்துங்கள். ஜாக்கியால் தூக்கியதும் ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையோ தலையோ நீட்டாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. பேட் மாற்றுவது என்றால் ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். எந்தக் கிளிப் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குழம்பினால், பிரிக்காத பக்கம் பார்த்துக்கொள்ள இருக்கும். கழற்றுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

பிரேக் தூளைக் காற்றடித்துப் பறக்கவிடாதீர்கள். இப்போதைய பேடுகள் பெரும்பாலானவற்றில் கல்நார் இல்லை என்றாலும், பழைய காரில் முன்பு என்ன போட்டார்கள் என்று தெரியாது. கல்நார் இல்லாத தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல. பிரேக் கிளீனரை அடித்து நனைத்துத் துடைத்து எடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் பல கார்களில் அதை மேலே புரட்டிவிடலாம். முழுவதும் கழற்றினால் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் அதன் பாரம் விழக்கூடாது.

பழைய பேடுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சக்கரத்தில் என்ன நடந்தது என்பதை அவை அப்படியே காட்டும். நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரே சக்கரத்தில் உள்பேட் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் சறுக்கி நகர உதவும் கைடு பின் இறுகிவிட்டது, காலிப்பர் நகராமல், பேடைத் தள்ளும் பிஸ்டன் இருக்கும் பக்கத்துப் பேடே எல்லா வேலையையும் செய்திருக்கிறது; அல்லது பிஸ்டன் திரும்பி உள்ளே போவதில்லை. ஒரே பேட் ஒரு முனையில் தடிமனாகவும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தால் பின்களில் ஒன்று சிக்கியிருக்கிறது, அல்லது பேடின் காது பிராக்கெட்டில் இறுகியிருக்கிறது. இடது சக்கரத்தின் பேடுகள் இரண்டும் தேய்ந்து, வலதில் இரண்டும் புதிதுபோல் இருந்தால் பிஸ்டனையும் ஹோஸையும் சந்தேகப்பட வேண்டும். ஹோஸ் உள்ளுக்குள் வீங்கிப்போனால் அழுத்தம் போகும், திரும்பி வராது. பேடின் முகம் கண்ணாடிபோல் மினுங்கினால் அது அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. இந்தக் காரணங்களைத் தீர்க்காமல் புது பேட் மட்டும் மாட்டினால், அதுவும் அதே வழியில்தான் போகும். முதலில் சத்தம், பிறகு கோணல் தேய்மானம்.

அடுத்தது பிராக்கெட். சத்தம் பற்றிய என் கவலையில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான். பேடின் இரண்டு காதுகளும் பிராக்கெட்டில் உள்ள இரண்டு பள்ளங்களில் உட்கார்ந்து முன்னும் பின்னும் சறுக்க வேண்டும். பள்ளத்துக்கும் காதுக்கும் நடுவே மெல்லிய எஃகுக் கிளிப் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கிளிப் பளபளவென்று நன்றாகத்தான் தெரியும். அதைக் கழற்றிப் பாருங்கள்: அடியில் பிராக்கெட்டின் இரும்பு துருப்பிடித்து உப்பியிருக்கும். துரு எடுத்துக்கொள்ளும் இடம் இரும்பு எடுத்துக்கொண்டதைவிடப் பெரிது. அது கிளிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, பேடுக்கான இடைவெளியைச் சுருக்கிவிடும். அப்போது பேட் மிதித்ததும் போகிறது, விட்டதும் திரும்புவதில்லை. சூடாகிறது, மினுங்குகிறது, கீச்சிடுகிறது. எனவே கிளிப்புகளை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளங்களைக் கம்பி பிரஷ்ஷாலும் தட்டை அரத்தாலும் வெறும் உலோகம் தெரியும் வரை சுத்தம் செய்யுங்கள். துருவை மட்டும் எடுங்கள், இரும்பை அராவாதீர்கள். முடிந்தால் பிராக்கெட்டையே கழற்றி மேசைமேல் வைத்து இதைச் செய்வது நல்லது. காரில் வைத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் எட்டாது. கிளிப்புகளைப் புதிதாகவே போடுங்கள். பேடைப் புதிதாக வாங்கிவிட்டு இவற்றில் மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிவதில்லை. பழைய கிளிப்பின் ஸ்பிரிங் இழுவை தளர்ந்திருக்கும். பேடை ஆடாமல் பிடித்திருப்பதும், சிலவற்றில் டிஸ்க்கிலிருந்து பிரித்து விடுவதும் அந்த இழுவைதான்.

கிளிப் மாட்டியதும் புது பேடை வெறுங்கையால் செருகிப் பாருங்கள். விரலால் தள்ளினால் நகர வேண்டும், மேலும் கீழும் லொடலொடவென்று ஆடவும் கூடாது. சுத்தியல் தேவைப்படுகிறது என்றால் எங்கோ தவறு. பள்ளத்தில் துரு மிச்சம் இருக்கலாம், அல்லது பேடின் காதில் பெயின்ட் தடித்துப் படிந்திருக்கலாம். அந்தப் பெயின்ட்டை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிடலாம். தட்டி உள்ளே இறக்கிய பேட் நிச்சயம் தொல்லை தரும்.

கைடு பின்கள் இரண்டையும் உருவி எடுங்கள். பழைய கிரீஸ் கெட்டியாகி மெழுகாகியிருக்கும். பின்னையும் அது நுழையும் துளையையும் முழுக்கத் துடைத்து எடுத்தபின் புது கிரீஸ் போட வேண்டும், பழையதன்மேல் அப்பக் கூடாது. பின்னில் துருப்புள்ளிகள், கோடுகள் இருந்தால் மாற்றிவிடுங்கள். பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருந்தால் அதையும். சில கார்களில் இரண்டு பின்களும் ஒன்றாக இருக்காது. ஒன்றின் நுனியில் சிறு ரப்பர் வளையம் இருக்கும், அல்லது ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று குறித்து வைத்து அதே இடத்தில் மாட்டுங்கள். மாறினால் பின் சிக்கும். கிரீஸை அளவுக்கு மேல் திணித்தால் உள்ளே காற்று அடைபட்டுப் பின்னை வெளியே தள்ளும். ஒரு மெல்லிய பூச்சு போதும். மாட்டியபின் ரப்பர் உறையை ஒரு முறை நசுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். கைடு பின் கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும்.

புது பேட் தடிமனாக இருக்கும் என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை முதலில் துடையுங்கள். அழுக்கோடு தள்ளினால் அது உள்ளிருக்கும் ரப்பர் சீலைக் கிழிக்கும். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து வையுங்கள், ஆயில் மேலே ஏறும். இடையில் யாராவது ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் வழிந்துவிடும், காரின் பெயின்ட்டை அரித்துவிடும். அதனால் முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பழைய பேட் ஒன்றை பிஸ்டன்மேல் வைத்து சி-கிளாம்பால் மெதுவாக, நேராகத் தள்ளுங்கள். ஆயில் கறுத்துப்போயிருந்தால் காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளில் குழாயை மாட்டிப் பாட்டிலுக்குள் விட்டு, நிப்பிளைத் திறந்துகொண்டு தள்ளுவது மேல். கசடு ஏபிஎஸ் (சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் அமைப்பு) பகுதிக்குத் திரும்பிப் போகாது. கிளாம்பைத் தளர்த்தும் முன் நிப்பிளை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் காற்று உள்ளே புகும். பின்சக்கர காலிப்பர் என்றால் இன்னும் கவனம் தேவை. ஹேண்ட்பிரேக்கும் அதே காலிப்பரில் இருந்தால் பல கார்களில் பிஸ்டனைத் தள்ளக் கூடாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பொத்தானை அழுத்தும் மின் ஹேண்ட்பிரேக் என்றால், முதலில் அந்தக் காருக்குரிய முறைப்படி சர்வீஸ் நிலைக்கு மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் பலத்தைக் காட்டினால் உள்ளிருக்கும் மோட்டாரும் பற்சக்கரமும் உடையும்.

பிஸ்டன் தள்ளக் கடினமாக இருந்தாலோ, அதைச் சுற்றி ஈரம் தெரிந்தாலோ, பேட் வேலையை அதோடு நிறுத்திவிட்டு காலிப்பரைப் பாருங்கள். பிஸ்டனைப் பிடித்திருக்கும் சதுர வடிவ ரப்பர் சீல்தான் மிதித்து விட்டதும் முறுக்கு அவிழ்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது. தனியாகத் திருப்பும் ஸ்பிரிங் எதுவும் அங்கே கிடையாது. அந்த ரப்பர் கெட்டுவிட்டால் பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

டிஸ்க்கை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சத்தத்துக்காக மட்டும் மாற்றத் தேவையில்லை. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் சில இடங்களில் அளந்து பாருங்கள். அதற்குக் கீழே போயிருந்தால், விரிசல் இருந்தால், ஆழமான பள்ளங்கள் இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் 120 அல்லது 150 எண் உப்புத்தாளால் இரண்டு பக்கமும் வட்டவட்டமாகத் தேய்த்து, பழைய பேடின் படிவையும் மினுமினுப்பையும் எடுத்துவிடுங்கள். வெளி ஓரத்தில் துரு விளிம்பு எழும்பி நின்று புது பேடின் ஓரம் அதில் முட்டினால் அதையும் நீக்க வேண்டும். அப்படி முட்டும் பேட் முழு முகத்தோடு உட்காராது. புது டிஸ்க் என்றால் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் கழுவி எடுங்கள். அதன்பின் சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே உலர்த்தினால் கடைசல் தூளும் போய்விடும். டிஸ்க் உட்காரும் ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) முகத்தில் துரு இருந்தால் டிஸ்க் நேராக நிற்காது. அங்கே 0.05 மி.மீ. கோணல்கூடப் போகப்போகப் பெடலில் அதிர்வாகத் தெரியவரும். அதற்குக் கீச்சலோடு நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் கழற்றிய கையோடு செய்துவிடுவது நல்லது.

பேடைத் தேர்ந்தெடுக்கும்போது கலவையைக் கவனியுங்கள். உலோகத்தூள் அதிகமுள்ள பேடுகள் கடும் சூட்டைத் தாங்கும், நன்றாகப் பிடிக்கும், ஆனால் சத்தம் போடும் குணமும் அவற்றுக்கு அதிகம். செராமிக், ஆர்கானிக் வகைகள் பொதுவாக அமைதியானவை. மலைப்பாதையில் பாரம் ஏற்றி இறங்கும் காருக்கும், நகரத்துக்குள் மட்டும் ஓடும் காருக்கும் ஒரே பேட் பொருந்தாது. சில பேடுகளின் ஓரத்தில் இரண்டு எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடிமானம், இரண்டாவது அதிகச் சூட்டில் உள்ளது. 'எஃப்' என்றால் உராய்வு எண் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. எழுத்து ஆங்கில அகரவரிசையில் பின்னால் வந்தால் தரம் உயர்வு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காரைத் தயாரித்தவர் கணக்கிட்டு வைத்த அளவுக்கு நெருக்கமாக இருப்பதே நல்லது. இன்னொன்று, பேடின் இரண்டு முனைகளும் சரிவாகச் சீவப்பட்டிருக்கின்றனவா, நடுவில் கோடு வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சீவாத கூர் முனை டிஸ்க்கைக் கவ்விக் கவ்வி விடும். பேட் அதிரும் விதத்தை மாற்றத்தான் அந்தச் சரிவும் கோடும்.

பேடின் முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய தகடுதான் ஷிம். எஃகுக்கும் எஃகுக்கும் நடுவே ரப்பர் போன்ற அடுக்கை வைத்துச் செய்யப்பட்டது. அதிர்வை அந்த நடு அடுக்கு விழுங்கிக்கொள்கிறது. கழன்று விழுந்துவிட்டதே என்று அதைத் தூக்கிப் போடுவதும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று புது ஷிம்மின் மேல் பழையதையும் வைப்பதும் இரண்டுமே தவறு. பேடோடு ஒட்டியே வந்தால் அது மட்டும் போதும். தனியாக வந்தால் காரின் கையேடு சொல்லும் வரிசையில் வையுங்கள்.

கிரீஸ் விஷயத்தில்தான் நல்லவர்களும் தடுமாறுகிறார்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இங்கே ஆகாது. சூட்டில் உருகி ஓடும், பெட்ரோலிய எண்ணெய் என்பதால் பிரேக்கில் உள்ள ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரை ஊதவைத்துவிடும். ரப்பரோடு உரசும் கைடு பின்களுக்கு சிலிகான் வகை பிரேக் கிரீஸ் அல்லது காரின் கையேடு சொல்லும் கிரீஸ். இரும்போடு இரும்பு தொடும் இடங்களுக்கு அதிகச் சூடு தாங்கும் செராமிக் வகை பிரேக் பேஸ்ட். முன்பெல்லாம் செம்புத்தூள் கலந்த பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுவார்கள். அலுமினிய காலிப்பரும் ஏபிஎஸ் சென்சாரும் வந்தபின் அதைத் தவிர்ப்பதே நல்லது. பூசவேண்டிய இடங்கள் கொஞ்சம்தான்: பேடின் காதுகள் கிளிப்பைத் தொடும் இடம், பேடின் முதுகில் பிஸ்டன் அழுத்தும் வளையம், வெளிப்பேடின் முதுகில் காலிப்பரின் விரல்கள் அழுத்தும் இடம். அதுவும் நகத்தால் தடவியது போன்ற மெல்லிய படலம். ஷிம்மின் முதுகில் ஒட்டும் பசை இருந்தால் அங்கே கிரீஸ் வேண்டாம். ரப்பர் பூசிய ஷிம்முக்கும் தயாரித்தவர் சொன்னால் மட்டும். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளிகூடப் படக்கூடாது. பேடில் எண்ணெய் ஊறிவிட்டால் அதைக் கழுவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். நிற்கவேண்டிய இடத்தில் நிற்காத காரைவிடப் பேடின் விலை பெரிதல்ல.

மாட்டும்போது எந்தப் பேட் உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று சரிபாருங்கள். தேய்மான நாக்கு உள்ள பேட் பெரும்பாலும் பிஸ்டன் பக்கம் போகும். பேடில் அம்புக்குறி இருந்தால் கார் முன்னோக்கிப் போகும்போது டிஸ்க் சுற்றும் திசையைப் பார்த்து அது இருக்க வேண்டும். போல்ட்டுகளைக் கைக்கணக்கில் முறுக்காமல், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். பல சிறிய கார்களில் கைடு பின் போல்ட்டுக்கு 25 முதல் 35 நியூட்டன் மீட்டர்தான். பிராக்கெட் போல்ட்டுக்குச் சுமார் மூன்று மடங்கு. உங்கள் காருக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும், அதுதான் இறுதி. சக்கரத்தை மாட்டி இறக்கியதும், காரை நகர்த்தும் முன்பே பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி வெறுமனே தரைவரை போகும். இதை மறந்து காரைக் கிளப்புவது ஆபத்து. பிறகு ஆயில் அளவைப் பார்த்து மூடுங்கள். கிளைக்கால் வகை பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் 155 டிகிரி போதும் என்பதே அதன் தர அளவு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

அடுத்தது பேடை 'செட்' செய்வது. உங்கள் கேள்வியில் இது பற்றி ஒன்றும் இல்லை. அநேகமாக யாரும் செய்திருக்க மாட்டார்கள். புது பேட் சரியாகப் பிடிக்க, அதன் பொருளில் ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கின் மேல் சீராக ஒட்ட வேண்டும். போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை நிதானமான அழுத்தத்தில் குறையுங்கள், முழுவதும் நிறுத்தாதீர்கள். மறுபடி வேகம் பிடித்து அதையே எட்டு பத்து முறை செய்யுங்கள். பிறகு பிரேக்கை முடிந்தவரை தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றால் பேடின் அச்சு டிஸ்க்கில் ஓரிடத்தில் மட்டும் பதிந்துவிடும். பேட் தயாரித்தவர் வேறு முறை சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். அடுத்த சில நூறு கிலோமீட்டருக்குக் கடுமையான பிரேக்கையும், மலை இறக்கத்தில் காலை எடுக்காமல் உரசிக்கொண்டே போவதையும் தவிர்த்தால், பேட் மினுங்கிப் போகாது.

உங்கள் காரில் பேட் இன்னும் புதிதுதான், அதை மாற்றவேண்டாம். பிரித்து, பிராக்கெட்டின் பள்ளங்களையும் பின்களையும் மேலே சொன்னபடி சுத்தம் செய்யுங்கள். புது கிளிப், சரியான கிரீஸ், ஷிம் இருக்கிறதா என்ற சோதனை. பேடின் முகத்தில் மினுமினுப்பு இருந்தால் தட்டையான பரப்பில் உப்புத்தாளை வைத்து, அதன்மேல் பேடை ஒரே சீராகத் தேய்த்து எடுங்கள். முனைகள் கூராக இருந்தால் அரத்தால் சரித்துவிடலாம். இரண்டு வேலையையும் முகக்கவசத்தோடு, தூள் பறக்காமல் நனைத்தபடி செய்யுங்கள். பிறகு டிஸ்க்கையும் தேய்த்து, செட் செய்யும் ஓட்டத்தை ஒழுங்காக முடியுங்கள். சத்தத்தை நிறுத்தும் என்று சொல்லி விற்கும் ஸ்பிரேக்களைப் பேடின் முகத்தில் அடிக்காதீர்கள். பேடின் முதுகுக்கென்று விற்பவை வேறு, அவை ஓரளவு உதவும்.

சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களுக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடவேண்டாம். முன்சக்கரங்களில் ஒன்று மற்றதைவிடத் தெளிவாக அதிகச் சூட்டை வீசினால் அந்தப் பக்கத்துப் பின்னோ பிஸ்டனோ இன்னும் சிக்குகிறது. இரண்டும் ஒரே அளவு சூடாக இருந்து, எல்லாம் சுதந்திரமாக நகர்ந்தும் சத்தம் நிற்கவில்லை என்றால், அப்போதுதான் பேடின் கலவையைச் சந்தேகப்படவேண்டும். காரோடு முதலில் வந்த வகைப் பேடுக்குத் திரும்புங்கள். அந்தக் காலிப்பர், அந்த டிஸ்க் இரண்டையும் சேர்த்து வைத்து அதிர்வைச் சோதித்துத் தேர்ந்தெடுத்த பேட் அது.